எந்த வில்லையை வாங்குவது?
வீட்டிற் செய்யும் புரொஜெக்டரும் குவிவு வில்லைப் பாடமும்



குவிவு வில்லை பற்றிய கதிர்ப்படங்களை நீங்கள் பல தடவை வரைந்திருப்பீர்கள். பொருள் இன்ன இடத்தில் இருந்தால் விம்பம் இன்ன இடத்தில் தோன்றும் என மனனமும் செய்திருப்பீர்கள். ஆயினும் கடைக்குச் சென்று ஒரு வில்லையை வாங்க வேண்டி வந்தால் எதைக் கேட்டு வாங்குவது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நான் கலைப் பட்டதாரி. கல்லடியில் தமிழும் வரலாறும் கற்பிக்கும் ரியூசன் ஆசிரியன். ஒரு வில்லையைத் தவறாக வாங்கியதனாலேயே இந்தப் பாடத்தை நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அத்தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

1. நடந்தது என்ன?

2021 ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை பிற்போடப்பட்டு 2022 மே 23 இல் ஆரம்பமானது. அதற்கு முந்திய மாதங்களில் நாடெங்கும் மின்வெட்டு. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. மாலை வகுப்பில் மெழுகுதிரி வெளிச்சத்தில் கரும்பலகை தெரியவில்லை. வரலாற்றுப் பாடத்துக்கு வரைபடங்களும் படங்களும் அவசியம். மின்கலத்தில் இயங்கும் கைத்தொலைபேசியில் அவை இருந்தன. ஆனால் ஒரு சிறு திரையை இருபது பேர் எட்டிப் பார்ப்பது எப்படி?

சப்பாத்துப் பெட்டியின் ஒரு முனையில் வில்லையையும் மறுமுனையில் தொலைபேசியையும் வைத்தால் சுவரிலே பெரிய படம் விழும் என யாரோ கூறக் கேட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையொன்றுக்குப் போனேன். கடைக்காரர் "என்ன பவர் வேணும்?" என்றார். என்னிடம் விடை இல்லை. "நல்லது ஒண்டு தாங்க" என்றேன். அவர் +2 வலுவுள்ள வட்ட வில்லையொன்றைத் தந்தார்.

அன்று மாலை பெட்டியைச் சுவரை நோக்கித் திருப்பினோம். சுவரில் மங்கலான வெளிச்சம் மட்டுமே விழுந்தது. படம் இல்லை. பெட்டியை முன்னே தள்ளினோம், பின்னே இழுத்தோம். பயனில்லை. வில்லை பழுதென்று நான் முடிவு செய்யும் வேளையில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"சேர், பொருள் குவியத்துக்கு உள்ளுக்கெல்லோ நிக்குது. மறுகா எப்படிச் சுவரில விம்பம் வரும்?"

அவள் சொன்னது முற்றிலும் சரி. காரணத்தைக் கீழே பார்ப்போம்.

2. ஒரே வில்லை, மூன்று வேலை

குவிவு வில்லை ஒன்று செய்யும் வேலையைத் தீர்மானிப்பது பொருள் வைக்கப்படும் இடமாகும்.

(அ) பொருள் குவியத்தூரத்தின் இரு மடங்குக்கு அப்பால் இருப்பின்: விம்பம் மெய்யானது, தலைகீழானது, பொருளிலும் சிறியது. இது கமெராவின் வேலை. கண்ணின் வேலையும் இதுவே.

(ஆ) பொருள் குவியத்துக்கும் குவியத்தூரத்தின் இரு மடங்குக்கும் இடையில் இருப்பின்: விம்பம் மெய்யானது, தலைகீழானது, பொருளிலும் பெரியது. இது புரொஜெக்டரின் வேலை.

(இ) பொருள் குவியத்துக்கும் வில்லைக்கும் இடையில் இருப்பின்: விம்பம் மாயமானது, நிமிர்ந்தது, பொருளிலும் பெரியது. இது உருப்பெருக்கிக் கண்ணாடியின் வேலை.

மெய் விம்பத்தைத் திரையில் வீழ்த்தலாம். மாய விம்பத்தை வீழ்த்த முடியாது. எங்கள் +2 வில்லையின் குவியத்தூரம் 50 செ.மீ. சப்பாத்துப் பெட்டியின் நீளமோ 30 செ.மீ. ஆகவே தொலைபேசி குவியத்துக்கு உள்ளேயே இருந்தது. அது (இ) நிலை. பெட்டியைச் சுவரை நோக்கி எவ்வளவு நகர்த்தினாலும் பொருளுக்கும் வில்லைக்கும் இடையிலான தூரம் மாறாதல்லவா? எனவே படம் விழ வாய்ப்பே இருக்கவில்லை.

நினைவிற் கொள்க: வில்லையின் வலு என்பது மீற்றரில் அளந்த குவியத்தூரத்தின் தலைகீழ் ஆகும். அதன் அலகு டையொப்டர். கடைக்காரர் "பவர்" என்பது இதைத்தான். +2 எனில் குவியத்தூரம் 1 ÷ 2 = 0.5 மீற்றர், அதாவது 50 செ.மீ. குவிவு வில்லைக்கு நேர்க்குறியும் குழிவு வில்லைக்கு மறைக்குறியும் இடப்படும். மறைக்குறி வில்லை தனியாகத் திரையில் மெய் விம்பம் தராது.

3. வாங்க முன் அளக்க வேண்டியவை

புரொஜெக்டருக்கு வில்லை தெரிவு செய்யக் கடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே மூன்று அளவுகளை எடுக்க வேண்டும்.

ஒன்று, பொருளின் அகலம். எமது தொலைபேசித் திரை கிடையாக வைத்தபோது 14 செ.மீ. அகலமும் 7 செ.மீ. உயரமும் உடையது.

இரண்டு, வேண்டிய படத்தின் அகலம். பின்வரிசைக்கும் தெரிய 112 செ.மீ. வேண்டுமெனக் கொண்டோம்.

மூன்று, வில்லையிலிருந்து சுவர் வரையுள்ள தூரம். எமது அறையில் மேசையிலிருந்து சுவருக்கு 180 செ.மீ. இருந்தது.

முதல் இரண்டிலிருந்தும் உருப்பெருக்கம் கிடைக்கும்:

உருப்பெருக்கம் = விம்பத்தின் அகலம் ÷ பொருளின் அகலம் = 112 ÷ 14 = 8

இனிக் கதிர்ப்படத்தை வரையுங்கள். பொருளின் உச்சியிலிருந்து இரு கதிர்கள். தலைமை அச்சுக்குச் சமாந்தரமாகச் செல்லும் கதிர் வில்லையில் முறிந்து மறுபக்கக் குவியத்தினூடாகச் செல்லும். ஒளியியல் மையத்தினூடாகச் செல்லும் கதிர் திசைமாறாது செல்லும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் விம்பத்தின் உச்சி அமையும்.

இப்படத்தில் கணித பாடத்திற் கற்ற சமகோண முக்கோணிகள் இரண்டு சோடி இருப்பதைக் கவனியுங்கள். ஒளியியல் மையத்தில் சந்திக்கும் சோடியிலிருந்து:

உருப்பெருக்கம் = விம்பத்தூரம் ÷ பொருட்தூரம்

குவியத்தில் சந்திக்கும் சோடியிலிருந்து:

உருப்பெருக்கம் = (விம்பத்தூரம் − குவியத்தூரம்) ÷ குவியத்தூரம்

இரண்டாவதை மாற்றி எழுதினால் நமக்கு வேண்டியது வந்துவிடும்:

குவியத்தூரம் = விம்பத்தூரம் ÷ (உருப்பெருக்கம் + 1)

எமது அறைக்கு: 180 ÷ (8 + 1) = 20 செ.மீ. வலு = 1 ÷ 0.20 = +5 டையொப்டர்.

தொலைபேசியை வைக்க வேண்டிய தூரம்: 180 ÷ 8 = 22.5 செ.மீ. இது 20 செ.மீ. இலும் கூடியது, 40 செ.மீ. இலும் குறைந்தது. எனவே பொருள் (ஆ) நிலையில் உள்ளது. 30 செ.மீ. நீளமான பெட்டிக்குள்ளும் அது அடங்கும். கடைக்காரரின் கேள்விக்குரிய விடை இதுதான்: "+5 தாங்க."

4. வலு மாறினால் என்ன நிகழும்?

அதே தொலைபேசி, அதே 180 செ.மீ. தூரம். வில்லையை மட்டும் மாற்றிக் கணித்த பெறுமானங்கள் வருமாறு (கிட்டிய அளவில்):

+2 வில்லை: குவியத்தூரம் 50 செ.மீ., பொருட்தூரம் 69 செ.மீ., படத்தின் அகலம் 36 செ.மீ.
+3 வில்லை: குவியத்தூரம் 33 செ.மீ., பொருட்தூரம் 41 செ.மீ., படத்தின் அகலம் 62 செ.மீ.
+4 வில்லை: குவியத்தூரம் 25 செ.மீ., பொருட்தூரம் 29 செ.மீ., படத்தின் அகலம் 87 செ.மீ.
+5 வில்லை: குவியத்தூரம் 20 செ.மீ., பொருட்தூரம் 22.5 செ.மீ., படத்தின் அகலம் 112 செ.மீ.
+10 வில்லை: குவியத்தூரம் 10 செ.மீ., பொருட்தூரம் 10.6 செ.மீ., படத்தின் அகலம் 238 செ.மீ.

அப்படியாயின் +10 தானே சிறந்தது என்று எண்ணத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். 14 செ.மீ. அகலமான திரையை வில்லைக்கு 10.6 செ.மீ. அருகில் வைத்தால், திரையின் ஓரங்களிலிருந்து வரும் ஒளி மிகவும் சரிவாக வில்லையில் விழும். எளிய வில்லை ஒன்று அவ்வொளியை ஒரே இடத்திற் குவிக்காது. படத்தின் நடு தெளிவாகவும் ஓரங்கள் கலங்கியும் இருக்கும். எழுத்துகளின் விளிம்பில் வானவில் நிறங்களும் தோன்றலாம். ஒவ்வொரு நிறமும் சற்று வெவ்வேறு அளவில் முறிவதே இந்நிறங்களுக்குக் காரணம். கடையில் வாங்கும் புரொஜெக்டரில் ஒன்றுக்குப் பதிலாகப் பல வில்லைகள் அடுக்கப்பட்டிருப்பது இக்குறைகளைத் திருத்துவதற்காகவே.

பொருள் பெரிதானால் குவியத்தூரமும் பெரிதாக வேண்டும். 2000 ஆம் ஆண்டுகளில் வெளிநாடுகளில் பலர் 15 அங்குலக் கணினித் திரையின் கண்ணாடிப் பலகையைக் கழற்றி, பின்னால் வலுவான விளக்கு வைத்து வீட்டுப் புரொஜெக்டர் செய்தனர். அத்திரையின் அகலம் ஏறத்தாழ 30 செ.மீ. அதற்கு 20 செ.மீ. குவியத்தூரம் போதாது. 30 செ.மீ. ஐத் தாண்டிய குவியத்தூரமுள்ள வில்லைத் தொகுதிகளையே அவர்கள் தேடினர். அம்முறையில் உயர் மின்னும் கடும் வெப்பமும் உண்டு. நீங்கள் அதனைச் செய்து பார்க்க வேண்டாம்.

அவர்கள் விளக்கொளியைத் திரை முழுவதும் ஒழுங்காகச் செலுத்தப் பயன்படுத்திய தட்டையான வில்லைக்குப் பிரெனல் வில்லை என்று பெயர். பிரான்சு நாட்டின் ஒகஸ்தீன் பிரெனல் 1820 களில் வெளிச்சவீடுகளுக்காக அதனை உருவாக்கினார். தடித்த கண்ணாடி முழுவதும் வேண்டியதில்லை, வளைந்த மேற்பரப்பை வளையம் வளையமாக வெட்டி அடுக்கினாற் போதும் என்பதே அவரது எண்ணம். 1913 இல் கட்டப்பட்ட எங்கள் பாலமீன்மடு வெளிச்சவீட்டைப் பார்க்கும்போது இதனை நினைவுகூருங்கள். கடலுக்கு ஒளியை அனுப்பும் கலையும் சுவருக்குப் படத்தை அனுப்பும் கலையும் ஒரே பாடத்தைச் சேர்ந்தவை.

5. செயற்பாடு: வலுத் தெரியாத வில்லையை அளத்தல்

வீட்டிலுள்ள உருப்பெருக்கிக் கண்ணாடியின் பிடியில் "5 மடங்கு", "10 மடங்கு" என எழுதியிருக்கலாம். அதனை நம்பி இறங்க வேண்டாம். அவ்வெண் குவியத்தூரத்தை நேரடியாகக் கூறுவதில்லை. பல மலிவான கண்ணாடிகளில் அது மிகைப்படுத்தியும் எழுதப்பட்டிருக்கும். நீங்களே அளந்து விடுங்கள்.

படி 1: பகல் வேளையில், வெளிச்சம் குறைந்த அறையில், திறந்த யன்னலுக்கு எதிரே நில்லுங்கள்.
படி 2: தூரத்திலுள்ள தென்னைமரம் அல்லது கட்டிடம் ஒன்றை நோக்கி வில்லையைப் பிடியுங்கள்.
படி 3: வில்லைக்குப் பின்னால் வெள்ளைத்தாளை வைத்து, தென்னைமரத்தின் தெளிவான தலைகீழ் விம்பம் கிடைக்கும் வரை முன்பின் நகர்த்துங்கள்.
படி 4: வில்லைக்கும் தாளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அடிமட்டத்தால் அளவுங்கள். அதுவே குவியத்தூரமாகும்.

காரணம்: மிகத் தூரத்துப் பொருளிலிருந்து வரும் கதிர்கள் ஏறத்தாழச் சமாந்தரமானவை. அவை குவியத் தளத்திற் சந்திக்கின்றன.

எச்சரிக்கை: இச்செயற்பாட்டுக்குச் சூரியனைப் பயன்படுத்த வேண்டாம். வில்லையினூடாகச் சூரியனைப் பார்ப்பது கண்ணை நிரந்தரமாகப் பாதிக்கும். வெயில் படும் இடத்தில் வில்லையை விட்டுச் செல்வதும் தீப்பற்றக் காரணமாகலாம்.

6. விட்டமும் வெளிச்சமும்

குவியத்தூரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வில்லை எவ்வளவு அகலமானது என்பதையும் பார்க்க வேண்டும். தொலைபேசித் திரை எல்லாப் பக்கமும் ஒளியைச் சிந்துகிறது. அதில் வில்லையின் மீது விழும் பங்கு மட்டுமே சுவரை அடைகிறது. வில்லையின் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாகும். ஆகவே 5 செ.மீ. விட்டமுள்ள வில்லைக்குப் பதிலாக அதே குவியத்தூரமுள்ள 7 செ.மீ. வில்லையைப் பொருத்தினால் 49 ÷ 25, அதாவது ஏறத்தாழ இரு மடங்கு ஒளி கிடைக்கும். சட்டத்துக்கேற்ப வெட்டப்படாத மூக்குக்கண்ணாடி வில்லை இவ்விதத்தில் நன்மையானது.

அதே வில்லையுடன் சுவரை இரு மடங்கு தூரத்துக்குக் கொண்டு சென்றால் படம் ஏறத்தாழ இரு மடங்கு அகலமாகும். ஆனால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பிற் பரவும். எனவே படத்தின் பிரகாசம் ஏறத்தாழ காற்பங்காகும்.

உண்மையைச் சொல்ல வேண்டும். தொலைபேசிப் புரொஜெக்டரின் படம் சினிமாப் படம் போலப் பளிச்சிடாது. முழுநிலவு நாளில் கல்லடிப் பாலத்தில் நின்றால் எவ்வளவு வெளிச்சம் இருக்குமோ அதனோடு ஒப்பிடத்தக்க வெளிச்சமே சுவரில் விழும். ஆகவே அறை நன்கு இருண்டிருக்க வேண்டும். தொலைபேசியின் வெளிச்சத்தை உச்ச அளவில் வைக்க வேண்டும். 2022 இன் மின்வெட்டு எங்களுக்குத் தந்த ஒரே உதவி அந்த இருட்டுத்தான்.

படம் கலங்கலாக இருந்தால், வட்டத் துளையிட்ட கறுப்பு மட்டையை வில்லைக்கு முன் வைத்துப் பாருங்கள். ஓரக் கதிர்கள் தடுக்கப்படுவதால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். இரண்டில் எது முக்கியம் என்பதை நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

7. இரண்டு வில்லைகளின் கூட்டு

+5 வில்லை வேண்டுமெனக் கணித்தபின் என் கையில் +2 இருந்தது. அதனை வீசுவதா? வேண்டியதில்லை. மெல்லிய வில்லைகள் இரண்டை ஒன்றோடொன்று தொடவைத்தால் அவற்றின் வலுக்கள் கூடும். எனவே +3 வில்லை ஒன்றை மட்டும் வாங்கி +2 உடன் சேர்த்து ஒட்டினோம்.

(+2) + (+3) = +5 டையொப்டர்

மறுநாள் மாலை தொலைபேசியைச் சிறிது சிறிதாக நகர்த்தி 22.5 செ.மீ. அளவில் வைத்தபோது சுவரில் படம் தெளிந்தது. தவறாக வாங்கிய வில்லையும் அதற்குள் இருந்தது.

8. எழுத்துகள் ஏன் புரண்டன?

மெய் விம்பம் தலைகீழானது என்பதால் தொலைபேசியைத் தலைகீழாக வைத்தோம். திரை தானாகத் திரும்பும் வசதியையும் நிறுத்தினோம். படம் நிமிர்ந்தது. ஆனால் வரைபடத்தில் இருந்த "பொலநறுவை" என்னும் சொல் வலமிருந்து இடமாகத் தெரிந்தது! எங்கே பிழை?

பிழை இல்லை. நாங்கள் தொலைபேசியைப் பார்க்கும் திசைக்கு எதிர்த்திசையில் திரும்பியே சுவரைப் பார்க்கிறோம். எனவே படத்தை நிமிர்த்திய பின்பு இடவல மாற்றம் எஞ்சி நிற்கிறது. இதற்கு இரு வழிகள் உண்டு.

வழி 1: சுவருக்குப் பதிலாக மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டரை ஒரு பக்கத்திலும் பார்வையாளரை மறுபக்கத்திலும் அமர்த்துதல். மறுபக்கத்திலிருந்து பார்க்க எழுத்துகள் நேராகும்.
வழி 2: ஒளி செல்லும் பாதையில் தளவாடி ஒன்றைச் சரிவாக வைத்தல். தளவாடியின் பக்க நேர்மாறல் முன்னைய மாற்றத்தைச் சரிசெய்துவிடும்.

நாங்கள் வேட்டியைக் கட்டினோம். அன்று பொலநறுவையை இருபது பேரும் ஒரே நேரத்தில் வாசித்தனர்.

9. மாதிரி வினா

12 செ.மீ. அகலமுள்ள ஒளிரும் திரையின் விம்பத்தை, வில்லையிலிருந்து 150 செ.மீ. தூரத்திலுள்ள சுவரில் 60 செ.மீ. அகலத்தில் பெற வேண்டும்.
(i) உருப்பெருக்கம் யாது?
(ii) வேண்டிய வில்லையின் குவியத்தூரமும் வலுவும் யாவை?
(iii) திரையை வில்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும்?
(iv) திரையை வில்லையிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் வைத்தால் சுவரில் விம்பம் தோன்றுமா? காரணம் தருக.

விடை:
(i) 60 ÷ 12 = 5
(ii) 150 ÷ (5 + 1) = 25 செ.மீ.; 1 ÷ 0.25 = +4 டையொப்டர்
(iii) 150 ÷ 5 = 30 செ.மீ.
(iv) தோன்றாது. பொருள் குவியத்துக்கும் வில்லைக்கும் இடையில் அமைவதால் மாய விம்பமே உண்டாகும். மாய விம்பத்தைத் திரையிற் பெறமுடியாது.

மாணவர் விடும் தவறுகள்:
• கதிர்களில் அம்புக்குறி இடாமை.
• மாய விம்பத்தையும் அதற்கான நீட்டிய கோடுகளையும் முறிகோட்டால் வரையாமை.
• வலுவைக் கணிக்கும்போது செ.மீ. ஐ மீற்றராக மாற்றாமை. 1 ÷ 25 என எழுதினால் விடை முற்றிலும் பிழைத்துவிடும்.
• "பெரிய விம்பம்" என்று மட்டும் எழுதி, மெய்யா மாயமா என்பதைக் குறிப்பிடாமை.

முடிவாக

கலை வேறு, விஞ்ஞானம் வேறு என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். எங்கள் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தோற்றுவித்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. யாழ் நூலை எழுதியவரும் அவரே. அவ்வூரில் இருந்துகொண்டு நான் அவ்வாறு எண்ணியது தவறு.

அந்த மாணவி விஞ்ஞானத்தில் முதலிடம் பெறுபவள் அல்லள். ஆனால் கதிர்ப்படத்தை விளங்கிப் படித்திருந்தாள். அதனால் படம் விழாத சுவரைப் பார்த்தவுடன் காரணத்தைக் கண்டாள். நீங்களும் இப்பாடத்தை மூடுமுன் ஒரு தாளை எடுத்து உங்கள் அறையின் நீளத்தையும் தொலைபேசியின் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். பிறகு கணியுங்கள். கடைக்காரர் "என்ன பவர்?" என்று கேட்டால் விடை உங்களிடம் இருக்கட்டும். பரீட்சை மண்டபத்தில் கேட்கப்படுவதும் ஏறத்தாழ அதே கேள்விதான்.